த, தி, தொம், நம்: மிருதங்க சாதகம் வந்த வழி

கொஞ்சம் ரவை, கொஞ்சம் தண்ணீர். மிருதங்கக்காரர் வீட்டில் சாதகம் என்னும் அன்றாடப் பயிற்சி இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரவையைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கெட்டியாகவும் இல்லாமல் ஒழுகவும் செய்யாமல் ஒரு பதத்துக்குக் கொண்டுவந்து, இடப்பக்கத் தோலின் நடுவே வட்டமாக அப்ப வேண்டும். இந்தப் பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். பசை குறைந்தால் தொப்பி வெறுமனே படபடக்கும். கூடினால் ஊமையாகிவிடும். அளவாக ஒட்டிவிட்டால் ‘தொம்’ என்ற ஒலி தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் எழும். அடுத்தது வலப்பக்கமான வலந்தலை. விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்து, எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கே கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் ரவையை மறக்காமல் சுரண்டி எடுக்க வேண்டும். மறுநாள் புது ரவை.

பத்து வயதுப் பையன் இந்த வேலையைச் சரியாகச் செய்யப் பழகவே சில மாதங்கள் ஆகும். அதுவும் பாடத்தில் சேர்த்திதான். தொப்பியின் பதம் காதுக்குப் பிடிபடாதவனுக்கு மேற்கொண்டு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கையில் நிற்காது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் செய்தார்கள் என்பதுதான் பெரிய வித்துவான்களைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று கதைகள் வளர்ந்துகொண்டே போகும். அந்த மணிக்கணக்குக்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. எதை முதலில் வாசித்தார்கள், எந்த வேகத்தில், யார் எதிரில், யார் பாட்டுக்கு? மிருதங்க சாதகத்துக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை யாரோ ஒருவர் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. கோயில், ஆடலரங்கு, பஜனை மடம், அரண்மனை, தவில்காரர் வீட்டுத் திண்ணை என்று பல இடங்களிலிருந்து அது சேர்ந்து வந்திருக்கிறது.

முழவு வாசிப்பவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன் வரிசையில் தண்ணுமை ஆசிரியனுக்கும் தனி இடம் இருக்கிறது. ஆடலும் பாடலும் தாளமும் அவன் அறிந்திருக்க வேண்டும். மற்றக் கருவிகளோடு இணைந்து போக வேண்டும். ஒலியை எழுப்பவும் தெரிய வேண்டும், அடக்கவும் தெரிய வேண்டும், இரண்டிலும் அளவு மீறக் கூடாது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறினாள். அந்த ஏழாண்டும் அவள் காலுக்கு யாரோ ஒருவர் வாசித்துக்கொண்டே இருந்திருப்பார். காப்பியத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புற முழவு, புறமுழவு என்று தொடங்கி ஏழு வகையாகப் பிரித்துக் காட்டுகிறார். மத்தளம் அகமுழவில் வரும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. ராஜராஜ சோழன் அந்தக் கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். நிபந்தத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். உறவினருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறு ஒருவரைக் கொண்டு அந்தப் பணியைச் செய்விக்க வேண்டும். வேலை குடும்பத்தோடு போகும், ஆனால் கை தேறியிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் கல்வெட்டை ஒரு மத்தளக்காரர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். மகனை ஏன் விடியலில் எழுப்பினார்கள் என்பது விளங்கும். கை பழகாவிட்டால் வேலை அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

இன்றைய மிருதங்கப் பாடம் நான்கு சொற்களில் தொடங்குகிறது: த, தி, தொம், நம். ‘த’ தொப்பியில் நான்கு விரலும் சேர்ந்து மூடி விழும் அடி. ‘தி’ வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்புக் கரணையில் மூன்று விரலால் போடுவது. ‘தொம்’ தொப்பியின் மேல் விளிம்பில் பட்டுத் திறந்து ஒலிக்கும். ‘நம்’ ஆள்காட்டி விரலால் வலந்தலையின் விளிம்பில் பளிச்சென்று விழுவது. மோதிர விரல் கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். பிள்ளைகளை அழவைப்பது இந்த நான்காவது சொல்தான். மோதிர விரல் சற்று அழுந்தினால் ஒலி செத்துப்போகும், தூக்கிவிட்டால் ஒலி சிதறும். கணீரென்ற ஒரு ‘நம்’ வருவதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

நான்கு சொற்களும் கையில் ஏறிய பிறகு அவற்றையே மூன்று காலத்தில் வாசிக்க வேண்டும். முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு சொல், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தட்டு மாறாது, சொல் மட்டும் இரட்டிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்துபார்த்தால்தான் சங்கடம் தெரியும். முதல் காலத்தில் நிற்கத் தெரியாத கைதான் மூன்றாம் காலத்தில் ஓடும். மெதுவாக வாசிக்கும்போது இரண்டு சொல்லுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை மனம் தாங்கிப் பழக வேண்டும். சாதகத்தின் முதல் பாடமே அந்தப் பொறுமைதான்.

ஒரே பாடத்தை மூன்று காலத்தில் செய்யும் இந்த முறை மிருதங்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. வாய்ப்பாட்டில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாகப் பாடம் வகுத்த பெருமையைப் புரந்தரதாசருக்குத் தருகிறது சங்கீத உலகம். அவர் 1564-இல் மறைந்தார். பரதநாட்டியத்தில் அடவுகளை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நால்வரும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள். அடவையும் மூன்று காலத்தில்தான் ஆடிப் பழகுகிறார்கள். நட்டுவனார் தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டிக்கொண்டே ஜதி சொல்வார், பிள்ளைகள் ஆடுவார்கள். தஞ்சாவூரில் நட்டுவனார் வீடும் மிருதங்கக்காரர் வீடும் எட்டத்தில் இல்லை. சொற்கட்டுகள் இங்கிருந்து அங்கே போயின, அங்கிருந்து இங்கே வந்தன.

தஞ்சாவூர்ப் பாணி என்று மிருதங்கத்தில் சொல்லப்படுவதற்கு மூல புருஷராக மதிக்கப்படுபவர் நாராயணசாமி அப்பா. அவர் பெயரிலேயே மராத்தியத் தஞ்சையின் வாசனை இருக்கிறது. அந்தக் காலத் தஞ்சையில் பஜனை செழித்திருந்தது. பஜனைக்கு வாசிக்கும் மிருதங்கத்துக்கு மற்ற எதையும்விட முக்கியமானது பாட்டை இடிக்காமல் கூடவே போவது. சாகித்தியத்தின் வளைவுக்கு ஏற்பக் கை குழையும் தஞ்சாவூர் வாசிப்பு அந்தச் சூழலில் உருவாயிற்று. அவருக்குப் பின் வந்த தாஸ் சுவாமியிடம் பாடம் கேட்டவர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர். 20-ஆம் நூற்றாண்டின் மிருதங்கம் பெரும்பாலும் இவருடைய வீட்டுக் கூடத்திலிருந்துதான் வெளியே வந்தது.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களைப் பாருங்கள். நெய்யாற்றின்கரையில் 1924-இல் பிறந்த டி.கே. மூர்த்தி சின்னப் பையனாக அங்கே வந்து சேர்ந்து வீட்டுப் பிள்ளைபோலவே வளர்ந்தார். பின்னாளில் உமையாள்புரம் கே. சிவராமனும் வைத்தியநாத ஐயரிடம் கற்றார். இவர்களுக்கெல்லாம் முன்பே அங்கே வந்தவர் 1912-இல் பிறந்த பாலக்காடு மணி ஐயர். அவர் வந்த விதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

மணி ஐயர் தஞ்சாவூருக்கு வரும்போது ஒன்றும் தெரியாத பிள்ளையாக வரவில்லை. சாத்தபுரம் சுப்பையரிடம் பாடம் முடித்து, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்கு வாசித்துப் பெயர் வாங்கிவிட்ட பையன். கோயில் செண்டையையும் தாயம்பகையையும் கேட்டு வளர்ந்த காது. கேரளத்துச் செண்டைக்காரப் பிள்ளைகள் புளியங்கட்டையால் கருங்கல்லில் அடித்து அடித்துக் கை பழகுவார்கள். கையில் வலு ஏறும்வரை செண்டையைத் தொடவே விடமாட்டார்கள். அப்படிப்பட்ட தாள மண்ணிலிருந்து வந்து, கச்சேரி மேடையும் ஏறிவிட்ட ஒருவர், மறுபடி ஒரு குருவின் எதிரில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தெரிந்த கையை இன்னொருவரிடம் கொடுத்துச் சீர்செய்துகொண்டார். மிருதங்க வித்துவான்களில் முதன்முதலாக 1966-இல் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றவர் இவரே.

அந்தக் குருகுலத்தில் பாதிப் பாடம் கையில் நடக்கவில்லை. குரு கச்சேரிக்குக் கிளம்பினால் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு சீடன் கூடப் போவான். மேடையில் குருவுக்குப் பின்னால் உட்காருவான். மூன்று மணி, நான்கு மணி நேரம் கேட்பான். எந்தச் சங்கதியில் குரு கையை எடுத்தார், எங்கே தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா நடத்தினார், பல்லவி எடுப்பில் தாளம் சிக்கலானபோது எதைப் பிடித்துக்கொண்டார் என்பதை யாரும் வாயால் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். மறுநாள் காலையில் சீடன் தனியாக உட்கார்ந்து அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நேற்றுக் காதில் விழுந்ததைக் கை இன்று தேடும். அந்தக் காலச் சாதகத்தின் உயிர் இதுதான். மணிக்கணக்கு பேசுகிறவர்கள் இந்தப் பின்வரிசை இருக்கையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

குருகுலத்தை வெறும் பொற்காலமாகச் சொல்வதும் தவறு. வீட்டு வேலை செய்துவிட்டு மிஞ்சிய நேரத்தில் பாடம், குருவின் மனநிலைக்கு ஏற்ற பாடம், கேள்வி கேட்டால் கோபம் என்று அதற்கு வேறு முகங்களும் இருந்தன. யாரைச் சேர்த்துக்கொள்வது, யாரைத் திண்ணையோடு நிறுத்துவது என்பதில் சாதி முன்னால் நின்றது.

தஞ்சாவூருக்குத் தெற்கே புதுக்கோட்டையில் சாதகம் வேறு வழியில் வளர்ந்தது. அங்கே மூலவர் மாமுண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். தவில்காரரிடம் தாளம் கற்றார். உடும்புத்தோல் போர்த்திய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். ஒரு கையால் பிடித்து மறு கையால் வாசிக்கும் அந்தச் சின்னக் கருவியில் இரண்டு கை மிருதங்கத்தோடு போட்டிபோட வேண்டுமென்றால் துணைக்கு வருவது கணக்கு ஒன்றுதான். புதுக்கோட்டை வழியில் கணக்கு கொடிகட்டிப் பறந்ததற்கு இந்தத் தவில் உறவும் கஞ்சிராவும் முக்கியக் காரணங்கள். மாமுண்டியா பிள்ளையின் சீடர்கள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் பழனி முத்தையா பிள்ளையும். தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டியவர். 1936-இல் மறைந்தார்.

கணக்கு என்றால் என்ன என்று ஒரு சின்ன உதாரணத்தால் பார்க்கலாம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. ‘ததிகிணதொம்’ என்ற சொல்லில் ஐந்து மாத்திரை. மூன்று முறை சொன்னால் 15. அரை ஆவர்த்தனத்துக்கு 16 மாத்திரை. ஆகவே பாதித் தாளத்தில் ஒரு மாத்திரை விட்டு ஆரம்பித்தால் மூன்றாவது ‘தொம்’ முடிந்த கையோடு சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, வந்து நிற்கும். இப்போது ஒவ்வொரு ததிகிணதொமுக்கும் நடுவில் இரண்டு மாத்திரை இடைவெளி, அதாவது கார்வை, கொடுங்கள். ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு, ஐந்து. மொத்தம் 19. முப்பத்திரண்டில் 19 போனால் 13. அந்தப் பதின்மூன்றைக் கடந்துதான் தொடங்க வேண்டும். காகிதத்தில் இது இரண்டாம் வகுப்புக் கழித்தல். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கணக்குப் போடுவது முகத்தில் தெரியாமல் சரியாக 13 கடந்து எடுக்க வேண்டும். எண்ணி எடுத்தால் எடுப்பு தள்ளாடும். எண்ணாமல் எடுக்கிற அளவுக்கு அது உடம்பில் ஊற வேண்டும். அதற்குத்தான் அத்தனை நாள் சாதகம்.

ஊற வைக்கும் வழி வாய். கையில் வைப்பதற்கு முன் சொல்ல வேண்டும். தாளம் போட்டுக்கொண்டே சொல்ல வேண்டும், மூன்று காலத்திலும் சொல்ல வேண்டும், நடந்துகொண்டே சொல்ல வேண்டும். வாயில் இடறும் சொல் கையிலும் இடறும். இந்தப் பயிற்சியே வளர்ந்து கொன்னக்கோல் என்ற தனிக் கலையாயிற்று. பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரிகளை ‘ஃபுல் பெஞ்ச்’ என்பார்கள். அத்தனை பக்கவாத்தியங்கள் மேடையில் இருக்கும். அவற்றுக்கு நடுவே மன்னார்குடி பக்கிரிப் பிள்ளை வாயால் மட்டும் சொல்லி ஈடுகொடுப்பார். நாயனா பிள்ளை 1934-இல் மறைந்தார். அப்படிப்பட்ட மேடைக்கு இன்றைக்கு ஆள் சேர்ப்பதே சிரமம்.

பழனி முத்தையா பிள்ளையின் மகன் சுப்பிரமணிய பிள்ளைக்கு வந்த தடையை எந்தச் சாதகமும் தீர்த்திருக்காது. அவருக்கு இடது கைப் பழக்கம். கச்சேரி மேடையில் பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும், நாதம் எல்லோருக்கும் கேட்கும். இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். அவருக்காக வயலின்காரர் இடம் மாற வேண்டும். பலருக்கு அது ஒப்பவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஆதரவு கொடுத்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பி நாதத்தைக் கேட்டவர்கள் கடைசிவரை மறக்கவில்லை. கணக்கு வழியில் வந்தவருடைய கை கணக்கைவிட நாதத்துக்காகப் பேசப்பட்டது. 1962-இல் அவர் மறைந்தார்.

புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் 1910-இல் பிறந்த ரங்கநாயகி அம்மாளின் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவு பெறாது. நட்டுவனார் குடும்பத்துப் பெண். தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்று, பெண்கள் தோற்கருவியைத் தொடுவதே வழக்கமில்லாத காலத்தில் மேடையேறினார். ஆண்களுக்குக் கிடைத்த வாய்ப்பில் பாதி அவருக்குக் கிடைத்திருந்தாலும் நிலைமை வேறாக இருந்திருக்கும். தகுதியைப் பார்க்கச் சொன்ன தஞ்சைக் கல்வெட்டின் விதி, பெண் என்றபோது மறந்துபோயிற்று.

தவில்காரர்களின் சாதகம் இன்னும் கடுமையானது. தவில் பலா மரத்தில் குடைந்த கட்டை. வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றி இறுகக் காயவைத்த கூடுகள், இடது கையில் கழி. கூடு விரலில் ஏறிய முதல் நாட்களில் விரல் தன்னுடையதாகவே தோன்றாது. கோயில் சேவகம் உள்ள குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் என்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வேளைப் பூசைக்கு வாசிப்பு, சுவாமி புறப்பாட்டில் மல்லாரி, திருவிழாவில் விடிய விடிய வீதியுலா. மல்லாரியையே மூன்று காலத்தில் வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. மற்றவர்கள் அறைக்குள் செய்யும் முக்காலப் பயிற்சியைத் தவில்காரர் தோளில் கருவியைச் சுமந்துகொண்டு, நடந்துகொண்டே, ஊர் கேட்க வீதியில் செய்தார்.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அவர் வழியில் வந்த நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை இருவரின் வாசிப்பும் தவிலைத் தாண்டி மிருதங்கக்காரர்களையும் அசைத்தது. கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் தட்சிணாமூர்த்தி என்ற மேதை தோன்றினார். 1933-இல் பிறந்து 1975-இல் மறைந்தவர். தந்தையிடம் ஆரம்பித்துப் பிறகு தமிழகத்துக்கு வந்து கற்று, இங்குள்ள பெரிய நாதசுரக்காரர்களுக்கெல்லாம் வாசித்தார். அவரைப் பற்றி அம்ஷன்குமார் எடுத்த ஆவணப்படம் தேசிய விருது பெற்றது. பிள்ளைகள் அதை அவசியம் பார்க்க வேண்டும்.

சாதகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இன்னொரு கை இருக்கிறது. வாசிக்க வாசிக்க மிருதங்கம் தேயும். கரணை பொரிந்து உதிரும், வார் தளரும், தோல் கிழியும். எத்தனைக்கெத்தனை சாதகமோ அத்தனைக்கத்தனை பழுது. மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார் மூன்றையும் சேர்த்துக் கட்டி, கிட்டக்கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து பூச்சுப் பூச்சாகத் தேய்த்துக் கரணை போடுகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயர் தேடிய நாதத்தைத் தோலில் கொண்டுவந்து தந்தவர் பர்லாந்து என்ற கைவினைஞர். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் இந்தக் குடும்பங்களின் கதையை விரிவாகச் சொல்கிறது. ஒரு ‘நம்’ கணீரென்று விழுந்தால் அதில் வாசித்தவரின் விரலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு கரணை போட்டவரின் கட்டைவிரலுக்கும் உண்டு. மேடையில் அவர்களுக்குச் சால்வை போர்த்தும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. அது பரவ வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டில் பாடம் கூடத்தைவிட்டு வகுப்பறைக்கு வந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் இசைக் கல்லூரி தொடங்கினார். சென்னையில் 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு கர்நாடக சங்கீதக் கல்லூரி வந்தது. பிறகு மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் வந்தன. மூன்றாண்டுப் படிப்பில் மிருதங்கமும் தவிலும் தனித்தனிப் பாடங்கள். கையில் பரம்பரை இல்லாத பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிகள் திறந்த கதவு பெரியது. குருகுலம் சேர்த்துக்கொள்ளாத பலரை அவை சேர்த்துக்கொண்டன.

வகுப்பறைக்குப் பாடத்திட்டம் வேண்டும், பாடத்திட்டத்துக்கு எழுத்து வேண்டும். கடம் வித்துவான் விக்கு விநாயக்ராமின் தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா மிருதங்கப் பாடத்தைப் படிப்படியாக எழுதி 1969-இல் நூலாக்கினார். அதற்கு முன்பே அமெரிக்கர் ராபர்ட் பிரவுன் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர் டி. ரங்கநாதனிடம் கற்று, மிருதங்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி 1965-இல் கலிபோர்னியாவில் முனைவர் பட்டம் பெற்றிருந்தார். ரங்கநாதன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். பழனியின் இன்னொரு சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் டொரொன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பதின்மூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் குருவோடு சேர்ந்து வாசித்து அரங்கேறியவர் அவர். இன்று மேலை நாட்டு டிரம்ஸ் வாசிப்பவர்கள்கூட வாயால் ‘தகதிமி’ சொல்லிக் கணக்குப் பழகுகிறார்கள் என்றால் அந்தப் பாதையைப் போட்டவர்களில் இவர்களுக்கு முதலிடம்.

பாடம் எழுத்தானதால் லாபம் அதிகம். மறந்ததைத் திரும்பப் பார்க்கலாம், ஒரே பாணிக்குள் அடைபடாமல் இருக்கலாம். நஷ்டம் வேறு இடத்தில் நேர்ந்தது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு முக்கால் மணி நேரம், வீட்டில் கைப்பேசிச் செயலி தட்டும் தாளத்துக்கு அரை மணி நேரம் என்று பிள்ளைகளின் நாள் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடமும் டியூஷனும் போக மிஞ்சும் நேரத்தில் அந்த அரை மணி நேரத்தையே பெற்றோர் போராடித்தான் மீட்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரத்தில் த, தி, தொம், நம் மூன்று காலமும், ஒரு நடையும், வாயால் ஒரு கணக்குக் கோர்வையும் அடங்கிவிடும். ஒழுங்காகச் செய்தால் அது நல்ல சாதகமே. உமையாள்புரம் சிவராமன் பத்து வயதில் கும்பகோணம் காளஹஸ்தீஸ்வரர் கோயிலில் அரங்கேறி, நான்கு குருமார்களிடம் 15 ஆண்டுகள் கற்று, நடுவே கல்லூரிக்கும் போய்ச் சட்டமும் முடித்தவர். படிப்பு மிருதங்கத்துக்கு எதிரி இல்லை.

விடுபட்டுப்போனது அந்தப் பின்வரிசை இருக்கை. செயலியின் தாளம் இம்மி பிசகாது. பாடகர் மூச்சு வாங்குவார், நிரவலில் ஓர் இடத்தில் உருகி நிற்பார், சுரத்தில் வேகமெடுப்பார். அவரோடு போகக் கற்பது செயலியிடம் நடக்காது. கோர்வைகள் நிறையத் தெரிந்தும், ஒரு விளம்ப காலக் கீர்த்தனைக்கு உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறும் பிள்ளைகளை இன்று பல ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். கேட்டுப் பழகாத குறை அது.

வீட்டில் மிருதங்கம் கற்கும் பிள்ளை இருந்தால் வரும் மார்கழியில் ஒரு காரியம் செய்யுங்கள். சென்னை சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. அங்கே அழைத்துப் போங்கள். மேடையைப் பார்த்து இடப்புறம், முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். மிருதங்கத்தின் வலந்தலை உங்களைப் பார்த்துத்தான் இருக்கும். தனியாவர்த்தனம் ஆரம்பித்ததும் காப்பி குடிக்க எழுந்து போகாதீர்கள். பிள்ளையின் கையைப் பிடித்துத் தாளம் போடவையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்ன கேட்டாய் என்று கேளுங்கள். மறுநாள் காலையில் ரவை பிசையும்போது அதைத் தேடிக்கொண்டே உட்காரட்டும்.